ஞாயிறு காலை மட்டும் படுத்துவிடும் வரன் தளம்

கடிதத்தின் சுருக்கம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பா நடத்திவந்த திருமணத் தகவல் மையத்தை இப்போது இவர்தான் பார்த்துக்கொள்கிறார். அப்பா காலத்தில் எல்லாம் பீரோவும் பதிவேடும்தான். 2018 முதல் இணையதளம் உண்டு. கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் மூன்று பக்கத்திலிருந்தும் பதிவு வருகிறது. இன்று ஏறத்தாழ 14,000 வரன்கள். வாரநாட்களில் ‘பொருத்தமான வரன்கள்’ பக்கம் திறக்க ஏழெட்டு விநாடி ஆகிறது. ஞாயிறு காலை 9 மணி ஆனால் அது அரை நிமிடமாக இழுக்கிறது. சில வாரம் ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ (இணைப்புகள் அளவு மீறிவிட்டன) என்ற ஒற்றை வரியோடு தளமே நின்றுவிடுகிறது. பெற்றோர்கள் நிதானமாக உட்கார்ந்து பார்ப்பதே அந்த நேரத்தில்தான்.

தளத்தை எழுதிய புதுச்சேரி டெவலப்பர், இப்போதுள்ள சின்ன விபிஎஸ்ஸை (பெரிய சர்வரில் வாடகைக்கு எடுத்த ஒரு பங்கு) விட்டுப் பெரிய சர்வருக்கு மாறச் சொல்கிறார். வருடம் 9,000 ரூபாய் கட்டும் இடத்தில் 60,000 ஆகும். ‘ஒவ்வொரு வரனா எடுத்துப் பொருத்தம் பாக்குது, அதான் லேட்டு’ என்பது அவர் தந்த விளக்கம். சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் மைத்துனர், வரன் விவரங்களைச் சேமித்துத் தேடித் தரும் டேட்டாபேஸையே தூக்கிவிட்டு மோங்கோடிபி என்ற வேறு வகை டேட்டாபேஸுக்குப் போகச் சொல்கிறார். வாசகி தன் பங்குக்கு அலுவலக இணைப்பை ஃபைபருக்கு மாற்றினார், போட்டோக்களைச் சுருக்கினார், கல்யாணம் முடிந்த 3,000 பேரை அழித்தும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. வாராந்தர பேக்கப் 4 ஜிபி வருகிறது என்பதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். கேள்விகள் மூன்று: சர்வர் வாங்கலாமா? இன்னும் அழிக்கட்டுமா? டெவலப்பர் என்னை ஏமாற்றுகிறாரா?

பதில்

சகோதரி, கடைசிக் கேள்விதான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதற்கே முதலில் வருகிறேன். அவர் ஏமாற்றுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஐந்நூறு வரன் இருந்தபோது எழுதிய நிரல் அது, அன்றைக்கு அது போதும். இன்று இழுக்கும்போது ‘சர்வரைப் பெரிதாக்குங்கள்’ என்பது எங்கள் தொழிலில் வாயில் முதலில் வரும் வார்த்தை. தான் எழுதியதைத் தானே பிரித்துப் பார்ப்பதைவிட அது சுலபம், வேறொன்றுமில்லை. ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் சொல்லியிருக்கிறார். அளக்காத வரை 60,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பெரிய சர்வரில் ஏழு விநாடி மூன்றாகக் குறையலாம். வரன்கள் இன்னும் சில ஆயிரம் கூடினால், தை மாதத்துப் பதிவுகள் வந்து குவிந்தால், மறுபடி இதே கடிதத்தை எனக்கு எழுதுவீர்கள்.

உங்கள் தளம் மெதுவாக இருப்பதற்குக் காரணம், ஒரு பக்கத்தைக் காட்ட அது டேட்டாபேஸிடம் கேட்கிற கேள்விகளின் எண்ணிக்கையும் கேட்கிற விதமும்தான் என்பது என் கணிப்பு. கணிப்பு என்றுதான் சொல்கிறேன். அதை நீங்களே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது.

உங்கள் மேஜையிலேயே ஒரு சோதனை

கணினியில் குரோம் திறந்து எஃப்12 அழுத்துங்கள். ‘நெட்வொர்க்’ பகுதிக்குப் போய், அந்த மெதுவான தேடல் பக்கத்தைத் திறங்கள். பட்டியலில் முதலில் வரும் வரியைத் தொட்டு ‘டைமிங்’ பாருங்கள். ‘வெயிட்டிங் ஃபார் சர்வர் ரெஸ்பான்ஸ்’ என்று ஒரு நேரம் இருக்கும். சர்வர் யோசித்து முதல் எழுத்தை அனுப்புவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் அது. முதல் பதில் வந்துசேர 0.8 விநாடிக்குள் என்றால் நல்ல நிலை என்கிறது கூகுளின் வழிகாட்டல். அடுத்து, தளத்தின் லோகோ படத்தின் முகவரியை மட்டும் தனியாகத் திறந்து அதே எண்ணைப் பாருங்கள். லோகோ சட்டென்று வந்து தேடல் பக்கம் மட்டும் ஏழு விநாடி காத்திருந்தால், உங்கள் இணைப்பு, போட்டோவின் அளவு இரண்டுக்கும் இதில் பங்கில்லை. லோகோவுக்கு டேட்டாபேஸ் வேண்டாம், தேடலுக்கு வேண்டும். ஃபைபருக்கு மாறியதும் படங்களைச் சுருக்கியதும் வீண் செலவு என்று சொல்லமாட்டேன். செல்போனில் பார்ப்பவர்களுக்கு அது உதவியிருக்கும். ஆனால் அவை வேலைசெய்வது முதல் எழுத்து வந்த பிறகு. உங்கள் வலி அதற்கு முன்னால் இருக்கிறது.

ஏழாயிரம் தடவை கேட்கும் பக்கம்

டெவலப்பர் தானே விஷயத்தைச் சொல்லிவிட்டார்: ‘ஒவ்வொரு வரனா எடுத்து’. ஒரு பெண்ணுக்குப் பொருத்தம் தேடும்போது, முதலில் ஒரு கேள்வியில் எல்லா ஆண் வரன்களையும் எடுக்கிறது. அப்புறம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டேட்டாபேஸுக்குப் போய், இவர் நட்சத்திரத்துக்கும் அவர் நட்சத்திரத்துக்கும் எத்தனை பொருத்தம் என்று கேட்கிறது. பாதிப் பேர் ஆண்கள் என்று வைத்தால் 7,000 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒரு மில்லிவிநாடிதான் என்றாலும் மொத்தம் 7 விநாடி. நீங்கள் எழுதிய கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது, பாருங்கள். தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு கேள்வியும் வேகம்தான். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. இந்தக் கோளாறு எங்கள் தொழிலில் மிகச் சாதாரணம், ‘என் பிளஸ் ஒன்’ (N+1: முதலில் ஒரு கேள்வி, பிறகு ஆளுக்கு ஒரு கேள்வி) என்று ஒரு பெயரே வைத்திருக்கிறோம்.

தீர்வு உங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. நட்சத்திரப் பொருத்தம் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. நட்சத்திரம் 27. அவற்றில் கார்த்திகை, மிருகசீரிடம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி ஆகிய ஒன்பதும் இரண்டு ராசிகளில் விழுகின்றன. ஆக நட்சத்திரமும் ராசியும் சேர்ந்த கூட்டு 36. பெண் பக்கம் 36, பையன் பக்கம் 36, பெருக்கினால் 1,296. தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்று பத்தையும் இந்த 1,296 ஜோடிகளுக்கு ஒரே ஒருமுறை கணக்கிட்டு ஒரு டேபிளில் போட்டுவிட்டால் முடிந்தது. அதன்பிறகு ஒரே கேள்வியில் இரண்டு டேபிளையும் இணைத்து, பொருத்தம் அதிகமுள்ள 20 பேரை மட்டும் கேட்கலாம். 7,000 கேள்வி ஒன்றாகிவிடும். பெண்ணிலிருந்து பையனுக்கு எண்ணுவதும் பையனிலிருந்து பெண்ணுக்கு எண்ணுவதும் வேறு வேறு என்பதால், டேபிளைப் பாதியாக்கி மிச்சம் பிடிக்கலாம் என்று டெவலப்பர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். செவ்வாய் தோஷம் மாதிரி முழுக் கட்டத்தையும் பார்க்க வேண்டியவற்றை இந்த டேபிள் தீர்க்காது. அதை அந்த 20 பேருக்கு மட்டும் கடைசியில் பார்த்தால் போதும்.

இண்டெக்ஸ் என்றால் உங்கள் அப்பாவுக்குப் புரிந்திருக்கும். பதிவேட்டில் வரன்கள் வந்த வரிசையில் இருக்கும். நட்சத்திர வாரியாகப் பக்க எண் குறித்த ஒரு சின்ன நோட்டு தனியாக இருந்தால், பதிவேடு முழுவதையும் புரட்ட வேண்டாம். டேட்டாபேஸிலும் அதேதான். 14,000 வரிசையாக இருந்தாலும் ஒரு லட்சமாக இருந்தாலும், இண்டெக்ஸ் இருந்தால் மூன்று நான்கு பக்கங்களைத் தொட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடும். இல்லாவிட்டால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும், ஒவ்வொரு தடவையும்.

சிக்கல் என்னவென்றால், இண்டெக்ஸ் இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாதபடி கேள்வி எழுதுவது மிக எளிது. உங்கள் மாதிரித் தளங்களில் மூன்று இடங்களில் இதைப் பார்க்கலாம். முதலாவது வயது. பிறந்த தேதியிலிருந்து வயதைக் கணக்குப் போட்டு ‘25 முதல் 30 வரை’ என்று கேட்டால், எல்லோருடைய வயதையும் கணக்கிட்ட பிறகுதான் டேட்டாபேஸால் பதில் சொல்ல முடியும். 25 வயதுக்கும் 30 வயதுக்கும் உரிய பிறந்த தேதிகளை முன்பே கணக்கிட்டு, ‘இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவில் பிறந்தவர்’ என்று கேட்டால் இண்டெக்ஸ் வேலைசெய்யும். கிடைக்கும் பட்டியல் ஒன்றுதான், உழைப்பு மட்டும் வேறு. இரண்டாவது ஊர். ஒருவர் பண்ருட்டி என்று எழுதியிருப்பார், இன்னொருவர் பன்ருட்டி, மூன்றாமவர் ‘கடலூர் மாவட்டம் பண்ருட்டி வட்டம்’. எல்லோரையும் பிடிக்க நிரலில், இந்தச் சொல் எங்கே இருந்தாலும் எடு என்று கேட்கும் ‘லைக்’ போட்டு, சொல்லுக்கு முன்னும் பின்னும் சதவீதக் குறி வைத்திருப்பார்கள். முன்னால் குறி வந்தாலே சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. பதிவுப் படிவத்தில் ஊரைத் தட்டச்ச விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். பழையதைச் சரிசெய்ய உங்கள் அலுவலகப் பெண்களுக்குச் சில நாள் வேலை இருக்கும், அவ்வளவுதான். மூன்றாவது போன் நம்பர். டேபிளில் எழுத்தாகச் சேமித்துவிட்டு, கேள்வியில் மேற்கோள் குறி இல்லாமல் எண்ணாகக் கேட்டால், உங்கள் தளத்தின் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு வரிசையையும் எண்ணாக மாற்றி ஒப்பிடும். இரண்டு மேற்கோள் குறி விட்டுப்போனதால் 14,000 வரிசையும் படிக்கப்படும்.

அந்த 4 ஜிபி

கடிதத்தில் என்னை நிறுத்திய வரி இது. ஒரு வரனின் எழுத்து விவரம், குடும்பம், படிப்பு, எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்து 3 கேபி என்று தாராளமாக வைத்தாலும் 14,000 பேருக்கு 42 எம்பிதான். பேக்கப் 4 ஜிபி என்றால், ஜாதக ஸ்கேன்களோ போட்டோக்களோ டேட்டாபேஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பேக்கப்பில் தளத்தின் ஃபைல்களும் சேர்ந்து வருகிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்; சேர்ந்துதான் வருகிறது என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

படங்கள் உள்ளேதான் இருக்கின்றன என்றால் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். டேட்டாபேஸில் படத்தின் பாதை மட்டும் இருந்தால் போதும். இதற்கிடையில், பட்டியல் பக்கத்துக்கான கேள்வி ‘எல்லாக் கட்டங்களையும் கொடு’ என்று நட்சத்திரக் குறி (*) போட்டுக் கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெயரும் வயதும் ஊரும் காட்டுவதற்கு ஜாதக ஸ்கேனையும் சேர்த்து இழுத்துவந்து, காட்டாமலே தூக்கிப்போடுவது நடக்கும். மைஎஸ்கியூஎல்லில் டேட்டாவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடம், யாரும் மாற்றாவிட்டால் 128 எம்பி. 42 எம்பி எழுத்து விவரம் அதில் மொத்தமும் அடங்கும். படங்களும் போட்டி போட்டால் அடங்காது, டிஸ்க்குக்கு ஓட வேண்டியதுதான். 60,000 ரூபாய் கொடுத்து நீங்கள் வாங்கப்போகும் நினைவகம், இந்தப் படங்களுக்கு வாடகை கொடுக்கத்தான் பயன்படும்.

ஏன் ஞாயிறு, ஏன் 9 மணி

கூட்டம் ஒரு காரணம். ஒரு பக்கம் முடிய 30 விநாடி ஆகிறது, விநாடிக்கு 5 பேர் தட்டுகிறார்கள் என்றால், எந்த நேரத்திலும் டேட்டாபேஸுக்கு 150 இணைப்புகள் திறந்திருக்கும். மைஎஸ்கியூஎல் இயல்பாக அனுமதிப்பது 151. அதைத் தாண்டினால் நீங்கள் பார்க்கும் அந்த ஒற்றை வரி வரும். பொறுமையில்லாமல் ரீஃப்ரெஷ் அடிப்பவர்களால் இன்னும் மோசமாகும். அந்த 151ஐ 500 ஆக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஆக்கினால் பிழைச் செய்தி மறையும், காத்திருப்பு நீளும். பக்கம் 0.2 விநாடியில் முடிந்தால் அதே கூட்டத்துக்கு ஓர் இணைப்பு போதும்.

ஆனால் 9 மணிக்குச் சரியாக ஆரம்பிக்கிறது என்கிறீர்களே, அது எனக்கு உறுத்துகிறது. பேக்கப் வாரம் ஒருமுறை எடுக்கப்படுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்த நேரத்தில் என்று கேளுங்கள். ‘ஞாயிறு விடியற்காலை 3.30, யாரும் இருக்கமாட்டாங்க’ என்று பதில் வந்தால், சர்வரின் கடிகாரம் எந்த நாட்டு நேரத்தில் ஓடுகிறது என்று அடுத்துக் கேளுங்கள். பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில்தான் ஓடும். அதில் 3.30 என்றால் நமக்குக் காலை 9 மணி. 4 ஜிபி பேக்கப், உங்கள் வாரத்தின் மிக முக்கியமான நேரத்தில் சர்வரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கக்கூடும். அப்படித்தான் என்றால் திருத்த ஒரே வரி, பணம் எதுவும் தேவையில்லை.

அழிப்பதைப் பற்றி

டேட்டா அதிகம், அதனால் மெதுவு என்று நினைத்துத்தான் 3,000 பேரை அழித்தீர்கள். 17,000 வரிசை, 14,000 வரிசை இரண்டுமே டேட்டாபேஸுக்குச் சின்ன விஷயம். வரிசைகளை அழித்ததும் டிஸ்க்கில் ஃபைலும் சுருங்கிவிடாது, அந்த இடம் அடுத்த பதிவுகளுக்காக உள்ளேயே காலியாக இருக்கும். எனவே வேகத்துக்காக அழிக்க வேண்டாம்.

ஆனாலும் நீங்கள் செய்தது சரிதான், காரணம் வேறு. கல்யாணம் முடிந்த ஒரு பெண்ணின் போட்டோவும் ஜாதகமும் வீட்டு முகவரியும் உங்கள் சர்வரில் ஏன் இருக்க வேண்டும்? 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் இதுதான்: எதற்காக வாங்கினோமோ அது முடிந்துவிட்டால், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலொழிய, அழிக்க வேண்டும். கணக்குவழக்குக்கு வேண்டிய ரசீது விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும் வழக்கத்தைத் தொடருங்கள். பழைய பேக்கப்களிலும் அவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கேஷ் போடுவதில் ஒரு ஆபத்து

முகப்பில் ‘இன்றைய வரன்கள்’ என்று ஆறு பேரைக் குலுக்கிப்போட்டுக் காட்டுகிறீர்கள். பொதுவாக இதை ‘ஆர்டர் பை ராண்ட்’ என்று எழுதுவார்கள். ஒவ்வொருவர் முகப்பைத் திறக்கும்போதும் தகுதியுள்ள எல்லா வரிசைகளுக்கும் ஒரு குலுக்கல் எண் கொடுத்து, வரிசைப்படுத்தி, ஆறை மட்டும் எடுக்கும். பெயரே இன்றைய வரன்கள்தானே, காலையில் ஒருமுறை தேர்ந்தெடுத்து நாள் முழுக்க வைத்துக்கொள்ளட்டும். இப்படி ஒருமுறை தயாரித்ததை வைத்திருந்து மறுபடி காட்டுவதுதான் கேஷ். ‘மொத்த வரன்கள்’ எண்ணிக்கையும் அப்படியே.

ஆனால் யாராவது ‘தளம் முழுக்க கேஷ் போட்டால் பறக்கும்’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள். உள்நுழைந்த பிறகு வரும் பக்கங்களைக் கேஷில் வைத்தால், ஒரு வீட்டுக்காரருக்குக் காட்ட வேண்டிய போன் நம்பரும் ஜாதகமும் வேறொருவர் திரையில் வந்துவிடலாம். உங்கள் தொழிலில் அப்படி ஒருமுறை நடந்தால், மெதுவான தளம் எவ்வளவோ தேவலை என்று ஆகிவிடும். எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியும் முகப்பு, தொடர்பு, கட்டண விவரம் போன்றவற்றை மட்டும் கேஷில் வைக்கலாம்.

மோங்கோடிபி? மைத்துனர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். அங்கே போனாலும் இண்டெக்ஸ் வேண்டும், அங்கேயும் 7,000 தடவை கேட்டால் 7,000 பதில் வரவேண்டும். உங்கள் வரன், நட்சத்திரம், ஊர், கட்டணம் எல்லாம் டேபிள்களுக்கு அழகாகப் பொருந்துபவை. அதை விட்டுவிடுங்கள்.

டெவலப்பரிடம் பேசும்போது

சண்டைக்குப் போகாமல், வேலையாகக் கேளுங்கள். ‘ஸ்லோ குவெரி லாக்’ என்று ஒன்று மைஎஸ்கியூஎல்லில் உண்டு. இயல்பில் அணைந்திருக்கும், இயக்கினாலும் 10 விநாடிக்கு மேல் எடுப்பதை மட்டுமே எழுதும். வரம்பை 0.5 விநாடியாகக் குறைத்து, ஒரு ஞாயிறு உட்பட ஒரு வாரம் ஓடவிடச் சொல்லுங்கள். ஒரு மில்லிவிநாடிக் கேள்வி 7,000 தடவை ஓடுவது இந்த லாகில் சிக்காது என்பதால், தேடல் பக்கம் ஒருமுறை திறக்க மொத்தம் எத்தனை கேள்வி போகிறது என்று நிரலிலேயே எண்ணிச் சொல்லவும் கேளுங்கள். லாகில் சிக்கிய முதல் ஐந்து கேள்விகளுக்கு, டேட்டாபேஸ் எப்படித் தேடுகிறது என்று காட்டும் ‘எக்ஸ்பிளெயின்’ ஓட்டி, அதில் ‘டைப்’ கட்டத்தில் ‘ஆல்’ என்று வருபவற்றைக் காட்டச் சொல்லுங்கள். முழு டேபிளையும் படிக்கிறது என்று அர்த்தம். 2018இல் போட்ட மைஎஸ்கியூஎல் 5.7 இன்னும் ஓடுகிறதா என்பதையும் கேளுங்கள். அதற்கான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இது வேகத்தைவிடப் பாதுகாப்புப் பிரச்சினை.

இந்த வேலைக்கு அவருக்கு நியாயமான கூலி கொடுங்கள், இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள். ஆனால் ‘தேடல் பக்கத்தில் முதல் பதில் இப்போது 7 விநாடி, முடிந்ததும் 0.8க்குள்’ என்று எண்ணாக எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். மாற்றங்களை நகலில் செய்து பார்த்துவிட்டுத்தான் நேரடித் தளத்தில் போட வேண்டும். அந்த நகலில் போன் நம்பர்களையும் முகவரிகளையும் மறைத்த பிறகே அவர் லேப்டாப்பில் இறங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் டேட்டாபேஸ் அனுப்பும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

டொமைனும் சர்வர் கணக்கும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கின்றனவா என்பதையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள். காசு கொடுத்து எழுதவைத்த நிரல் தானாகவே நமக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியரல்லாத வெளியாள் எழுதியதென்றால், எழுத்தில் மாற்றித் தராத வரை அதன் உரிமை பொதுவாக எழுதியவரிடமே இருக்கும். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் பழைய ஒப்பந்தம் இருந்தால் கடலூரிலேயே ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். வேறு டெவலப்பரிடம் போகும் நிலை வந்தால் இது தேவைப்படும்.

வேலையை இந்த வரிசையில் செய்யச் சொல்லுவேன்: முதலில் பேக்கப் நேரம், அப்புறம் அந்த 1,296 வரிசை டேபிள், அப்புறம் இண்டெக்ஸ்கள், கடைசியில் படங்களை வெளியே எடுப்பது. முதல் மூன்றுக்குப் பிறகே பெரிய வித்தியாசம் தெரிய வேண்டும். எல்லாம் முடிந்தும் ஒரு ஞாயிறு இழுத்தால், அந்த வாரத்து ஸ்லோ குவெரி லாகை, பெயரும் போன் நம்பரும் நீக்கி எனக்கு அனுப்புங்கள். சர்வர் போதவில்லை என்று அதில் தெரிந்தால் நானே வாங்கச் சொல்வேன். அப்போதும் ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாமல், மாதக் கட்டணத்தில் இரண்டு மாதம் எடுத்துப் பாருங்கள்.